உக்காருங்கக்கா, சும்மா பாருங்க

முதல் பிரதியைப் பையிலிருந்து எடுத்து, நடுப்பக்கம் தெரிய விரித்து வைக்கிறார் தனபாலன். அதை ஒட்டி இரண்டாவது பிரதி. அது வேறொரு பக்கத்தில் திறந்திருக்கிறது. பாதி அதன்மேல் படும்படி மூன்றாவது. நான்காவதை மட்டும் மூடியபடி தன் இடது தோளில் சார்த்திப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் விழும் பக்கமாக லேசாகத் திரும்பி நிற்கிறார். நான்கும் ஒரே புத்தகம்தான்.

“எல்லாம் ஒண்ணுதானேப்பா?” என்கிறார், அடையாறு பூங்காவில் காலை நடையை முடித்துவிட்டு பெஞ்சில் வியர்வை துடைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்.

“டிசைன் ஒண்ணுதான் சார். ஆனா விரிச்சுப் பாத்தாத்தான தெரியும்? உக்காருங்க சார், சும்மா பாருங்க. வாங்கணும்னு இல்ல.”

பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறார். ஆனால் அந்த ‘உக்காருங்க’ இல்லாமல் தனபாலனுக்கு வியாபாரம் தொடங்காது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிற ஆளிடமும் சொல்வார். மந்தைவெளி ரயில் நிலையப் படிக்கட்டில் வண்டியைப் பிடிக்க ஓடிய ஒரு பெண்ணிடம் சொல்லி, அந்தப் பெண் முறைத்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். “பார்டர் பாருங்க” என்று பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டுவார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு அவரிடம் ‘முந்தானை’ என்று பெயர். தோளில் கிடக்கும் பிரதி அதற்குத்தான். ஆள் எழுந்து போகப் பார்க்கிற நேரத்தில்தான் முந்தானையை எடுத்து விரிக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் காட்டவே கூடாது என்பது அவர் தொழிலில் கற்ற பாடம்.

தொழில் என்றால் புடவை. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுப் பிரிவில் நிற்கிறார். தென்காசிப் பக்கத்து ஆள். மீசை அரும்பிய வயதில் மெட்ராஸுக்கு வந்தவர், இப்போது கடைச் சட்டப்படி மீசைக்குச் சாயம் பூசுகிறார். ஒல்லி உடம்பு, ஒட்டிய கன்னம், எந்நேரமும் சாந்து சந்தனம் பூசிக்கொண்டாற்போல ஒரு சிரிப்பு. கைகள் மட்டும் முகத்தைவிட இளமையாக இருக்கும். பட்டைத் தொடுகிற கை சொரசொரப்பாக இருக்கக் கூடாது என்று தினமும் படுக்கப்போகுமுன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்.

அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘கால் மாற்றி’. அவரே எழுதி, அவரே அச்சடித்து, அவரே சுமந்து விற்கிறார். என் அக்கா மகளின் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கப் போனபோது, பில் போட்டு முடிந்த பிறகு கவுன்ட்டர் மேல் குனிந்து, திருட்டுப் பொருளைப் பற்றிப் பேசுகிற குரலில் கேட்டார்: “அக்கா, நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதான? நானும் ஒண்ணு எழுதியிருக்கேன்.” எனக்கு இப்படிச் சொல்கிறவர்கள் தெருவுக்கு நான்கு பேர். “சரி, குடுங்க” என்றேன், போகிற போக்கில். “கடைக்குள்ள குடுக்கக் கூடாதுக்கா” என்று வாசலுக்கு வெளியே, கரும்புச்சாறு வண்டி வரை வந்து கொடுத்தார். அன்று ராத்திரி சமையல் தாமதமானது. புத்தகத்தை வைக்க முடியவில்லை.

கதையும் இல்லை, கட்டுரையும் இல்லை. அந்த இரண்டாம் மாடியில் நிற்கிறவர்களைப் பற்றி ஆளுக்குச் சில பக்கம். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறவர்கள், வலது காலிலிருந்து இடது காலுக்கும் இடதிலிருந்து வலதுக்கும் எப்படி எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். தூணில் சாய்ந்தால் அபராதம் என்றதும், தூணில் சாயாமல் தூணின் பக்கத்தில் நிற்கிற மாதிரியே சாய்வதற்கு ஒருவர் கண்டுபிடித்த வழி. உட்காருவதற்கென்றே கழிப்பறைக்குப் போகிற பெண்கள். கடை ஊழியர் உட்காரலாம் என்று சட்டம் வந்ததும் மாடிக்கு வந்து இறங்கிய ஸ்டூல்கள், மறுநாளே அவற்றின்மேல் ஏறிய ஜாக்கெட் பிட் கட்டுகள். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. மூடிவைத்த பிறகுதான் வயிறு எரிந்தது. அந்தக் கடையில் எத்தனை தடவை நான் ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து, “இன்னும் அந்த மேல் தட்டு காட்டுங்க” என்றிருக்கிறேன்!

ஆனால் இந்த ஊரில் ஒரு புத்தகத்தை எழுதுவது பெரிய காரியமில்லை, ஐயா. விற்கப் பார்க்க வேண்டும். அப்போது தெரியும் சேதி.

மயிலாப்பூரில் ஒரு புத்தகக் கடைக்கு நானும் துணைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கல்லாவில் இருந்தவர் புத்தகத்தைக் கையில்கூட வாங்கவில்லை. “சொந்த வெளியீடா?” என்றார். அந்த ஒரு கேள்வியில் என்ன ஒரு நாற்றம் பிடித்த தொனி! சொந்தக் காசில் வீடு கட்டினால் கெட்டிக்காரன். சொந்தக் காசில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் பொறுப்பான தகப்பன். சொந்தக் காசில் புத்தகம் போட்டால் மட்டும் கள்ள நோட்டு அடித்தவனைப் பார்க்கிற பார்வை. நான் வாயைத் திறக்குமுன் தனபாலன் முந்திக்கொண்டார்: “ஆமா சார், சொந்தந்தான். உக்காருங்க சார், சும்மா பாருங்க.” கல்லாக்காரர் உட்கார்ந்துதான் இருந்தார். பார்க்கத்தான் இல்லை.

கடைசியில் அவர் பெரிய மனது பண்ணி மூன்று பிரதிகள் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், சமையல் புத்தகங்களுக்கும் சாதகம் பார்க்கும் புத்தகங்களுக்கும் அடியில், தரையோடு தரையாக, முதுகு சுவரைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். தனபாலன் குந்தி உட்கார்ந்து, மூன்றையும் எடுத்துத் தூசி தட்டி, முகம் தெரிய வைத்துவிட்டு எழுந்தார். நாங்கள் வாசல் தாண்டுமுன் கடைப் பையன் அவற்றைத் திருப்பி வைக்கிற சத்தம் கேட்டது.

இலவசமாகக் கேட்கிறவர்கள் தனி ஜாதி. மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் ஜெயஸ்ரீ என்று ஒரு அம்மாள். நல்ல மனுஷி, வாசிப்பு வட்டமெல்லாம் நடத்துகிறார். நான்கு பிரதிகளையும் தடவிப் பார்த்துவிட்டு, “ஒரு காம்ப்ளிமென்டரி காப்பி குடுங்களேன், படிச்சிட்டு ஃபேஸ்புக்ல போடறேன்” என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. “ஏன் ஜெயஸ்ரீ, இவர் கடையில போய் ஒரு பட்டுப் புடவை காம்ப்ளிமென்டரியா குடுங்க, கட்டிண்டு போய் நாலு பேர்கிட்ட சொல்றேன்னு கேப்பியா?” என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. தனபாலன் என்னடாவென்றால், அதற்குள் உள் அட்டையில் ‘அன்புடன்’ என்று எழுதிக் கையெழுத்தே போட்டு நீட்டிவிட்டார்!

லிஃப்டில் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்கு ரோஷமே கிடையாதா?”

“விடுங்கக்கா. நூறு புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஒண்ணும் எடுக்காமப் போறவங்க இருக்காங்கல்ல, அவங்கதான் தீவாளிக்கு வந்து நாலு எடுப்பாங்க.” சிரித்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வியர்வை துடைக்க நான் தோளில் போட்டிருந்த துண்டை உருவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, மறுபடி மடித்து, மறுபடி நீவி, உள்ளங்கை அளவு ஆக்கிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இவருக்கும் கோபம் வருகிறது. வாய்க்கு வராமல் கைக்கு வருகிறது. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், கையைத்தான் பார்ப்பேன். புத்தகத்தை அச்சடித்துக் கொடுத்த ராயப்பேட்டை அச்சகக்காரர் ஃபராஸ், அதற்கு முன்பே, “அட்டையில செருப்பு படம் போட்டா எவன் சார் வாங்குவான்? ஒரு லேடி ஃபோட்டோ போடுங்க” என்று சொன்னபோது அன்றைய செய்தித்தாள் முழுவதும் மடிந்து ஒரு சதுரமாகிவிட்டதாம். ஆனாலும் அட்டையில் செருப்புகள்தான் வந்தன. படிக்கட்டின் அடியில் ஊழியர்கள் கழற்றிவிட்டு ஏறும் செருப்புகள், வரிசையாக.

ஃபேஸ்புக்கில் நேரலை போட்டால் விற்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். வார விடுமுறை நாளில், முற்பகல் நேரத்தில், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் கடைச் சகாக்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்று பேசத் தொடங்கியிருக்கிறார். ஒருவர் கூட வரவில்லை. வேலை நேரத்தில் ஊழியர்களின் கைப்பேசிகள் கீழே லாக்கரில் பூட்டியிருக்கும் என்பது, அந்த லாக்கரைப் பற்றியே புத்தகத்தில் எழுதியவருக்கு மறந்துபோயிருக்கிறது. “நான் லீவுல இருந்தா எல்லாரும் லீவுன்னு நெனச்சிட்டேன்க்கா” என்றார்.

மனதார வாங்கியவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது. எங்கள் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் கபாலி ஒரு பிரதியை முழு விலை கொடுத்து வாங்கி, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறார். சவாரிக்கு ஏறுகிறவர்களுக்குப் படிக்கத் தருகிறார். “தேனாம்பேட்ட சிக்னல்ல மாட்டினா ஒரு சாப்டர் முட்ச்சிடலாம்க்கா. ஒரு அம்மா படிச்சிக்கினே வந்துது, எறங்க வேண்டிய எடம் வந்தும் எறங்கல. இன்னும் ரெண்டு பக்கம் கீது, ஒரு ரவுண்டு போன்னுச்சு.” தனபாலனுக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே சிறந்தது இதுதான் என்பேன்.

புத்தகத்தில் மிக நீளமான பகுதி தங்கம் என்கிற பெண்ணைப் பற்றியது. தனபாலனுக்கு ஊர்ப்பக்கத்துக்காரி, அவருக்கு முன்னாலிருந்தே அந்த மாடியில் நிற்பவர். புடவைக்குள் வைக்கிற அட்டைகளைச் சேர்த்துவைத்துக் கொடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் இவரை எழுத வைத்தவர் அவர்தான். கடை மூடும் நேரத்தில் இருவருமாகப் புடவை மடிக்கும்போது, இவர் எழுதியதைச் சொல்வார், அவர் ‘ம்’ கொட்டுவார். தன்னைப் பற்றிய பகுதியை மட்டும் சொல்லவிடவில்லை. “ஏ, அது புத்தகமா வந்தபொறவு நானே படிச்சிக்கிடுதேன். இப்பமே சொல்லிறாத” என்றிருக்கிறார். “அப்பம் மொதப் பிரதி ஒங்களுக்குத்தான் தங்கக்கா” என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அச்சகத்திலிருந்து வந்த கட்டில் முதலாவதை, மேடையில் வைத்துத்தான் கொடுப்பேன் என்று அவருக்காக எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றவற்றை விற்கக் கிளம்பியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் புத்தகம் வெளியிடுவது என்றால் ஒருவர் கொடுக்க வேண்டும், ஒருவர் வாங்க வேண்டும், இருவரும் கேமராவைப் பார்க்க வேண்டும். கொடுப்பவர் யார், முதல் பிரதி பெறுபவர் யார் என்பதில்தான் விழாவின் மானம் இருக்கிறது. லஸ் பக்கத்தில் ஒரு சிறிய அரங்கில் விழா நடத்தித் தர முன்வந்தவர், ஓர் இலக்கிய அமைப்பின் செயலாளரான முத்துகிருஷ்ணன். ஓய்வுபெற்ற அதிகாரி, வீட்டில் காபி கேட்பதையும் மேடைத் தமிழில் கேட்கக்கூடியவர். அவர் பட்டியலில் முதல் பிரதி பெறுபவர் ஒரு புரவலர். அடுக்கு மாடி கட்டுகிறவர்.

“மொதப் பிரதி தங்கக்காவுக்குத்தான் சார்” என்றார் தனபாலன்.

“தம்பி, உணர்வைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அவையில் ஒரு கனம் வேண்டாமா? அந்த அம்மையாரை ஐந்தாவதாக, ஆறாவதாகப் பெற்றுக்கொள்ளச் செய்வோம்.”

“சரிங்க சார். மொதப் பிரதி தங்கக்காவுக்கு.”

“புரவலர் வருத்தப்படுவார்.”

“சரிங்க சார். அவருக்கு ரெண்டாவது குடுத்துருவோம். மொதப் பிரதி தங்கக்காவுக்கு.”

இப்படியே போயிற்று. குரல் உயரவில்லை, சிரிப்பு மாறவில்லை. ஆனால் செயலாளரின் மேசைவிரிப்பு ஒரு மூலையிலிருந்து மெல்ல மெல்ல மடிந்துகொண்டே வந்தது. மேசை பாதி வெறுமையானபோது முத்துகிருஷ்ணன் சம்மதித்தார். அழைப்பிதழ் வந்தது. விருந்தினர் பெயர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு அடைமொழி, பின்னால் ஒரு பட்டம். கடைசியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, சின்ன எழுத்தில்: ‘முதல் பிரதி பெறுபவர்: தங்கம்’. ஒரு ‘திருமதி’ போடக்கூட அவர்களுக்கு மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

விழா அன்று தங்கம் வார விடுமுறையை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தார். கடை ஊழியர் விடுதியிலிருந்து கபாலியின் ஆட்டோவில் நான்தான் அழைத்து வந்தேன். குட்டையான உருவம். நெற்றியில் விபூதி, மாம்பழ மஞ்சளில் பருத்திப் புடவை. அத்தனை வருஷம் பட்டில் நின்றவருக்குச் சொந்தமாகப் பட்டு இல்லை என்பது புத்தகத்தில் இருக்கிறது. கணுக்காலுக்கு மேல் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்ததால் ஆட்டோவில் ஏற இறங்கக் கஷ்டப்பட்டார். “எனக்கு எதுக்குங்க இதெல்லாம்” என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் தலையில் புதுப் பூ வைத்திருந்தார்.

மேடையில் ஐந்து நாற்காலிகள். நடுவில் மட்டும் சித்திர வேலை செய்த உயரமான நாற்காலி, முதுகில் வெள்ளைத் துண்டு. அது சிறப்பு விருந்தினருக்கு. அவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். செயலாளர், புரவலர், நூலைப் பாராட்டிப் பேச ஒரு பேராசிரியர், ஓரத்தில் தனபாலன். எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வண்ணத்தாள் சுற்றிய கட்டைப் பிரித்து, சிறப்பு விருந்தினர் முதல் பிரதியை நீட்ட, தங்கம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “மேல தூக்கிப் பிடிங்கம்மா” என்று புகைப்படக்காரர் சொன்னார். தூக்கிப் பிடித்தார். கை தட்டினோம். தனபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

தங்கம் கீழே இறங்கப் போனார். “அம்மா, போய்டாதீங்க, கடைசியில குரூப் போட்டோ இருக்கு” என்றார் புகைப்படக்காரர். செயலாளரும் இருங்கள் என்று கை காட்டினார். தங்கம் நாற்காலிகளுக்குப் பின்னால், பேனரை ஒட்டி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

செயலாளர் பேசினார். பேராசிரியர் பேசினார். புரவலர், தான் பேச வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசினார். தங்கம் நின்றார். வலது காலிலிருந்து இடது காலுக்கு, இடதிலிருந்து வலதுக்கு.

“இன்னாக்கா இது? புக்கு வாங்குன அம்மா நின்னுக்கினே கீது, ஒருத்தனும் கண்டுக்கல?” என்றார் பக்கத்திலிருந்த கபாலி. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து மேடையோரம் போய், ஒரு நாற்காலி போடுங்கள் என்று முத்துகிருஷ்ணனுக்குச் சைகை காட்டினேன். அவர் உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினார். அரங்கத்துக் காவலாளியிடம் கேட்டேன், கீழே இருப்பதெல்லாம் வரிசையாகக் கட்டிப்போட்ட நாற்காலிகள், பிரிக்க முடியாது என்றார். அடப் பாவிகளா! ஒரு மனுஷிக்கு ஒரு நாற்காலி கிடைக்காத ஊரா இது?

அப்புறம் சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். தான் பதவியில் இருந்தபோது செய்தவை, செய்ய நினைத்தவை, வெளிநாட்டில் பார்த்தவை. “இந்நூலை முழுமையாக வாசிக்க நேரம் வாய்க்கவில்லை. ஆனால் புரட்டிய இடமெல்லாம் வியர்வை மணக்கிறது” என்றார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, “நாள் முழுவதும் நின்றே தேய்கின்றனவே அந்தக் கால்கள், அவற்றை நாம் என்றைக்காவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?” என்றார். இரண்டு முழத்துக்குப் பின்னால் அந்தக் கால்கள் நின்றுகொண்டிருந்தன! அரங்கம் கை தட்டியது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கமும் தட்டினார்.

அந்தக் கைதட்டலில்தான் தனபாலன் திரும்பிப் பார்த்தார்.

அதுவரை அவர் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார். ஒரு தடவை திரும்பி, தங்கத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அவருக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. விழாவுக்கு முந்தின நாள் அரங்கத்துக்காரர் மேடைக்கு எத்தனை நாற்காலி என்று கேட்டபோது ஐந்து என்று சொன்னதே தனபாலன்தான். “தங்கக்கா உக்காந்து நான் பாத்ததே இல்லக்கா. அதான் தோணவே இல்ல” என்று பின்னால் என்னிடம் சொன்னார். நிற்பவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினவர்! அவரைத் திட்ட எனக்கு நா எழவில்லை. அப்படி ஆக்கிவைத்தவர்களைத் திட்ட இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

திரும்பிய தலையை அவர் மறுபடி முன்னால் கொண்டுவந்தபோது, முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நான் கையைப் பார்த்தேன். தோளிலிருந்த பொன்னாடை மடிக்கு இறங்கியிருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்ந்தது. பாதியானது. கால் பாகமானது. விரல்கள் நீவ நீவ, அந்த ஜரிகைத் துணி ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினர் வேறொரு விழாவுக்குப் போக வேண்டுமாம். பேசி முடித்த கையோடு கும்பிட்டுவிட்டு இறங்கினார். புரவலர் அவரைக் கார் வரை வழியனுப்பப் போனவர் திரும்பவில்லை. புகைப்படக்காரரும் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார். எந்தப் படத்துக்காகத் தங்கத்தை நிற்கவைத்தார்களோ, அந்தப் படத்தை யாரும் எடுக்கவே இல்லை. கீழே ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மேடையிலிருந்து தங்கம், அவர்களைப் பார்த்து, தன்னை அறியாமல் கைகூப்பி, “போய்ட்டு வாங்கம்மா, போய்ட்டு வாங்க சார்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“நிறைவாக, நூலாசிரியரின் ஏற்புரை. நேரம் கடந்துவிட்டதால் இரண்டே நிமிடங்களில்” என்றார் முத்துகிருஷ்ணன்.

தனபாலன் எழுந்தார். மடித்த பொன்னாடையைத் தன் நாற்காலியில் வைத்தார். மைக்கை நோக்கிப் போகவில்லை. நடுவிலிருந்த அந்தச் சித்திர வேலை நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மரத்தளத்தில் அது கிறீச்சிட்ட சத்தத்தில், வாசல்வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடையின் முன்பக்கம், விளக்குக்கு நேர் கீழே கொண்டுவந்து போட்டுவிட்டு, பேனருக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்.

“உக்காருங்கக்கா.”

“ஏ, வேண்டாம்டே. ஆளுவ பாக்காவ.”

“உக்காருங்கக்கா. சும்மா பாருங்க. வாங்கணும்னு இல்ல.”

தங்கம் வந்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். மாடி சூப்பர்வைசர் எங்காவது நிற்கிறாரா என்று பார்ப்பதுபோல அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

தனபாலன் தன் நாற்காலிக்கடியில் இருந்த பையை எடுத்து வந்தார். தங்கத்தின் மடியிலிருந்த முதல் பிரதியை வாங்கி, அவரைப் பற்றிய பகுதி தொடங்குகிற பக்கத்தில் விரித்து, அவர் வலது முழங்காலில் வைத்தார். பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து, அதன் தொடர்ச்சிப் பக்கத்தைத் திறந்து இடது முழங்காலில். பாதி அதன்மேல் படும்படி இன்னொன்று. “பார்டர் பாருங்கக்கா” என்றார். தங்கம் குனிந்து, ஈரமாகிப்போன கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

“தனபாலன், மைக்கில் பேசுங்கள். யாருக்கும் கேட்கவில்லை” என்றார் செயலாளர்.

அவர் திரும்பவில்லை. தங்கம் ஒரு பக்கத்தைத் திருப்பினார்; படித்துக்கொண்டே மெல்லப் பின்னால் நகர்ந்து, வெள்ளைத் துண்டில் முதுகைச் சாய்த்தார். தனபாலன் பையிலிருந்து நான்காவது பிரதியை எடுத்து, மூடியபடியே இடது தோளில் சார்த்திப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் விழும் பக்கமாக லேசாகத் திரும்பி நின்றார். முந்தானையை அவர் காட்டவில்லை.